தெற்குக் குளிருக்கு ஒரு ஹீட்டர்

யோகராணிக்கு அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவள் புறப்பட வேண்டும். ஆக்லாந்திலிருந்து வெகு தூரத்தில், தெற்குத் தீவின் உள்ளே ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், ஜூனில் தொடங்கும் குளிர்காலம் முழுவதும் தாதி வேலை. அங்கே வாடகைக்கு வீடு தேடாமல், வாசலில் நின்ற, படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய மோட்டர்ஹோமையே ஓட்டிப்போய் அதிலேயே தங்குவது என்று முடிவெடுத்திருந்தாள். கணவன் ஆரணன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. டயருக்குக் காற்று அடித்தான். பிரேக்கைச் சரிபார்த்தான். முந்தின நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், உள்ளே வந்து கையைக் கழுவியபடியே, "தண்ணிப்பெட்டி ஹீட்டர் செத்துப்போச்சு" என்றான்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் பம்ப், குழாய்கள், கழிவுத் தொட்டியின் வால்வுகள் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். அதைத்தான் இருவரும் தண்ணிப்பெட்டி என்பார்கள். அங்கே தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்வது மூலையில் பொருத்தியிருக்கும் ஒரு சிறிய ஹீட்டர். ஆக்லாந்துக் குளிருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும்? தெற்கே அப்படியில்லை. ஓர் இரவு குழாய் உறைந்து வெடித்தால் போதும், பிறகு வண்டியில் தங்க முடியாது.

யோகராணி உடனே, விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் வாகன மின்வேலை செய்யும் ஜனார்த்தனுக்குப் போன் எடுத்தாள். அவன் திருச்சிக்காரன்.

"ஹீட்டர் கடையிலயே இருக்குக்கா. மாட்டித் தரத்தான் ஆள் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வண்டியக் கொண்டு வாங்க, பண்ணிடலாம்."

"ரெண்டு கிழமை நிக்கலாம்தானே" என்றான் ஆரணன். "ஆஸ்பத்திரிக்குச் சொன்னால் விளங்கிக்கொள்ளுவினம்."

"நிக்கேலாது."

சொன்ன வேகத்தில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய், விரியிலிருந்து ஹீட்டரை வாங்கி வந்துவிட்டாள்.

மகள் நிருஜா பெப்ரவரியில் படிப்புக்காக வெலிங்டன் போனாள். அன்றிலிருந்தே இந்த நிக்கேலாமை. வேலை முடிந்தால் வீட்டுக்கு வர மனம் வராது. மனுகாவ் மாலுக்குள் ஒன்றும் வாங்காமல் சுற்றுவாள். வீட்டுக்கு வந்தால் அலுமாரிகளைத் திறந்து திறந்து மூடுவாள். சோபாவை ஜன்னலோரம் தள்ளுவாள், மறுநாள் பழைய இடத்துக்கே இழுப்பாள். இந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பித்தாள். ஆரணனிடம் அதைச் சொன்னது நேர்முகம் முடிந்த பிறகுதான்.

சனிக்கிழமை, நிலத்தில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, தலையைப் பெட்டிக்குள் நுழைத்தாள். ஹீட்டர் பம்புக்குப் பின்னால் இருந்தது. பம்பை விலக்க வேண்டுமானால் குழாயைக் கழற்ற வேண்டும். கழற்றினாள். தண்ணீர் சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது.

அவள் கத்திய கத்தலில் ஆரணன் வெறுங்காலோடு ஓடி வந்தான்.

"பம்ப் சுவிட்சை நிப்பாட்டினீரோ?"

"கேட்டுக்கொண்டு நிக்காமல் நிப்பாட்டுங்கோவன்!"

நிறுத்தினான். அதற்குள் இருவரும் நனைந்துவிட்டார்கள். அவன் திரும்பி உள்ளே போகவில்லை. முழந்தாளிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுடைய பெரிய கை அந்த இடுக்குக்குள் போகாது, அவளுடைய கை போகும். அதனால் அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பழைய ஹீட்டரின் மூடி உருகிச் சுருங்கியிருந்தது. வயரின் நுனி கறுத்திருந்தது. செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது முனைகளைப் பொருத்தினார்கள். பழைய ஆணித் துளைகள் புதியதற்குப் பொருந்தவில்லை. துளை போடுகையில் அவள் கை வழுக்கி விரல் கிழிந்தது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மீண்டும் துளைத்தாள். ஃபியூஸையும் மாற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்கள்.

ஹீட்டர் அசையவில்லை.

யோகராணி குறட்டைத் தூக்கி எறிந்தாள். "எல்லாம் வீண்!"

ஆரணன் ஹீட்டரோடு வந்த தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தான். "பொறும். உறையிற குளிர் கிட்டினால்தான் இது தானாத் தொடங்குமாம்."

"இஞ்சை எங்காலை அவ்வளவு குளிர்?"

அவன் எழுந்து வீட்டுக்குள் போய், ஃப்ரீசரில் உறைந்து கிடந்த தேங்காய்த் துருவல் பாக்கெட்டை எடுத்து வந்தான். அவள் அதை ஹீட்டரின் குளிரறியும் உணரியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சும்மா இருப்பதுதான் அவளுக்கு வராதது.

"போகாதை எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தால் என்ன?" என்றாள், பெட்டிக்குள் இருந்த தலையை வெளியே எடுக்காமலே.

"சொன்னால் நிண்டிருப்பீரோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"ஏன் போறாய் எண்டும் கேக்கேல்லை."

"கேட்டனான். நல்ல சம்பளம் எண்டனீர்."

அவளுக்குக் கை மரத்தது. மற்றக் கைக்கு மாற்றினாள். "சம்பளத்துக்கில்லை. வீட்டுக்குள்ளை இருக்கேலாமல் கிடக்கு. உங்களிலை ஒரு பிழையும் இல்லை. அவ்வளவுதான் தெரியும்."

அவன் ஹீட்டர் தாளை நாலாக மடித்துப் பொக்கெட்டில் வைத்தான்.

"என்ரை சனிக்கிழமை வேலை," என்றான் பிறகு. "பெப்ரவரியிலை இருந்து போறன். ஆள் பத்தேல்லை எண்டு உமக்குச் சொன்னனான். பொய். நான்தான் கேட்டு வாங்கினது."

அவள் தலையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தாள். எத்தனை சனிக்கிழமைகள் அவன் விரிக் கிடங்கில் பெட்டிகளை அடுக்க, அவள் மாலில் சுற்றியிருக்கிறாள்! "அப்ப இண்டைக்கு?" என்றாள்.

"இண்டைக்கு லீவு போட்டனான்."

பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்து விசிறி முனகிக்கொண்டு சுழன்றது. அவளுடைய ஈரக் கன்னத்தில் வெதுவெதுப்பான காற்றுப் பட்டது.

திங்கள் காலை அவள் வண்டியை எடுத்தபோது அவனும் காரை எடுத்தான். "பொம்பே மேடு மட்டும் பின்னாலை வாறன். அந்தத் தண்ணிப்பெட்டிக் கதவு ஆடுதோ எண்டு பாக்கவேணும்."

ஆக்லாந்தின் தெற்கு எல்லையான பொம்பே மேடு தாண்டியது. கண்ணாடியில் அவனுடைய கார் இன்னும் தெரிந்தது. அவள் போனில் கூப்பிட்டாள்.

"கதவு ஆடுதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வாறியள்?"

"அடுத்த வழியிலை திரும்புறன்."

அடுத்த வழியும் போனது, அதற்கடுத்ததும் போனது. ஹமில்டன் வந்ததும் அவள் ஓரமாக நிறுத்தினாள். அவனும் நிறுத்தி, வேலையிடத்துக்குப் போன் எடுத்து இன்றைக்கு வரவில்லை என்று சொன்னான். அவள் வண்டிக்குள் தேத்தண்ணி வைத்தாள். சின்ன மேசையில் முழங்கால் முட்ட அவன் இருந்து குடித்தான்.

"ஜூலையிலை ஒரு கிழமை லீவு கேட்டுப் பாக்கிறன்" என்றான்.

"கேட்டுப் பாக்காதேங்கோ. எடுங்கோ."

"ஓம்."

கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு இறங்கினான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கார் சுற்றுவட்டத்தில் ஒருதரம் முழுதாகச் சுற்றியது. வடக்கே போகும் வழியை விட்டுவிட்டு இன்னொரு தரமும் சுற்றியது. மூன்றாவது சுற்றில்தான் ஆக்லாந்துப் பக்கம் திரும்பியது. யோகராணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.