வேன் நிரம்பும் வரை

"உறை கிழிஞ்சுடுச்சுடி, நேத்து ராத்திரி" என்று என் மகள் கனானா தோழியிடம் போனில் சொன்னது, சன்னலுக்கு வெளியே காபிச் செடிக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பு இன்னும் முடியவில்லை. அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் வாசலை மறித்து நின்றேன்.

"யாரு அவன்?"

"அப்புறம் கேளுங்க பாபா. இப்ப மாத்திரை வாங்கணும்."

"என் மக அந்தக் கடைப்படி ஏறக் கூடாது. நானே வாங்கிட்டு வரேன்."

"அப்ப சீக்கிரம் வாங்க. நேரம் ஆக ஆக அது கேக்கிறது குறைஞ்சுடும்."

எங்கள் ஊர் ங்குபு சந்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் முகாமி, எங்கள் சபையில் முன்வரிசைக்காரி. நானோ சபை மூப்பன். அதனால், என்னைத் தெரியாத கடையில் வாங்கலாம் என்று மேரு நகரத்துக்குப் போகும் வேனில் ஏறினேன்.

வேனில் பாதி இருக்கை காலி.

"எப்பப்பா எடுப்பே?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"ரொம்பினா எடுப்பேன் பெரியவரே. நீங்க கொஞ்சம் குண்டா இருந்தா இன்னும் சீக்கிரம் எடுத்திருப்பேன்."

இரண்டு பேர் ஏறினார்கள். ஒருத்தி வாழைப்பழம் வாங்க இறங்கினாள். கைத்தடியை மாற்றி மாற்றிப் பிடித்தேன். பையில் போன் அதிர்ந்தது, கனானா. எடுத்தால் என்ன சொல்வது? முகாமி கடையின் பச்சைப் பலகை எதிரிலேயே தெரிந்தது. நான் கடத்திக்கொண்டிருந்தது என் மகளுடைய நேரம்.

இறங்கிவிட்டேன்.

கடையில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். "கரு தங்காம இருக்க மறுநாள் போடுற மாத்திரை குடு" என்றேன்.

முகாமி நிமிர்ந்தாள். "யாருக்கு பெரியவரே? உங்க வீட்டுல கனானா..."

"கனானாவுக்கு என்ன? எனக்கு வேண்டியவ ஒருத்திக்கு."

என் மனைவி இறந்து நான்கு வருடமாகிறது. பின்னால் ஒருத்தி துணியால் வாயைப் பொத்தினாள். "மூப்பருக்கு நரைச்சது தலை மட்டுந்தான் போல!"

நான் முதுகை வளைக்கவில்லை.

"உடனே போடச் சொல்லுங்க" என்றாள் முகாமி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "போட்டதும் வாந்தி எடுத்தா மறுபடி வாங்க. இது அவசரத்துக்குத்தான், பழக்கத்துக்கில்ல." ஆணுறைப் பெட்டி ஒன்றையும் தள்ளினாள். "எண்ணெய், வாசலின் தடவாதீங்க. கிழிஞ்சுடும்."

வழியில் ஒரு மோட்டார்சைக்கிள்காரன், "எப்ப கல்யாணம், மாப்பிள்ளை?" என்று கத்தினான். அதற்குள் செய்தி அங்கே எட்டிவிட்டது. நான் திரும்பவில்லை.

கனானா மாத்திரையை விழுங்கினாள். "முகாமிகிட்டயா வாங்கினீங்க? என்ன கேட்டாங்க?"

பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"எண்ணெய் தடவக் கூடாதாம்" என்றேன், சுவரைப் பார்த்து.