மேல்மாடி வாடகைக்கு, லைட் குக்கிங் மட்டும்

சிங்கப்பூர் சிராங்கூனில் எங்களுக்கு மூன்றடுக்கு வீடு. கீழே நானும் என் கணவர் அருளானந்தமும், நடுவில் கொழுந்தன் இருதயராஜ் குடும்பம். மகள் டானியலா கல்யாணமாகித் தனி வீட்டுக்குப் போனதிலிருந்து மேல்மாடி பூட்டியே கிடந்தது. அதற்குத் தனிப் படிக்கட்டு, தனி அடுப்படி எல்லாம் உண்டு. வாடகைக்கு விடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். விளம்பரம் போடும் வேலையை டானியலாவிடம் விட்டேன். போனும் கையுமாகத் திரிகிறவள், செய்யட்டுமே.

"மம்மி, கேளுங்க" என்று வாசித்துக் காட்டினாள். படுக்கையறை இரண்டு, எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், லைட் குக்கிங் மட்டும்.

"அதென்னடி லைட் குக்கிங்?"

"சுடுதண்ணி, நூடுல்ஸ், முட்டை. பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. எல்லா விளம்பரத்துலயும் இருக்கு, ஸ்டாண்டர்ட் லா."

எல்லாரும் போடுகிறார்கள் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை டானியலாவோடு சர்ச்சில் பூசை முடிந்து வந்து கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். தேக்கா சந்தையில் நானே பொறுக்கி வாங்கிய கருவாடு. அந்த நேரம் பார்த்து யாமினி என்ற பெண் வீடு பார்க்க வந்தாள். ஊர் தூத்துக்குடி, தஞ்சோங் பகாரில் ஆபீஸ் வேலை. புருஷன் ஸ்ரீநாத்துக்கு அன்று டியூட்டியாம், தனியாக வந்திருந்தாள். ஏழு மாத வயிறு. இருக்கிற வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யணும். பார்த்த இடமெல்லாம் இந்தியச் சமையல் ஆகாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

நான் வாயைத் திறக்குமுன் வாசலிலேயே ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"நாங்க மீன் வாங்க மாட்டோம் ஆன்ட்டி. பொரிக்க மாட்டோம். தாளிக்கக்கூட மாட்டோம். ரைஸ் குக்கர் மட்டும்தான். ப்ளீஸ் ஆன்ட்டி."

அவள் சொல்லச் சொல்ல, என் அடுப்படியிலிருந்து கருவாட்டு வாசம் தெருவரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அவள் மூக்கு அந்த வாசத்தை இழுக்கிறது, வாய் மட்டும் மாட்டோம் மாட்டோம் என்கிறது. எனக்கு மானமே போய்விட்டது. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த வரியைப் போடச் சம்மதித்தேன்?

"உள்ள வாம்மா. முதல்ல சாப்பிடு, வீடு எங்கயும் ஓடிப்போகாது."

ஒரு வாய் வைத்ததுமே அழுதுவிட்டாள். "வீட்டுக் குழம்பு சாப்பிட்டு எவ்ளோ நாளாச்சு ஆன்ட்டி. வெளிச் சாப்பாடு இறங்கவே மாட்டேங்குது."

பக்கத்தில் நின்ற டானியலாவைப் பார்த்துக் கத்தினேன். "அந்த வரியை எடுடி!"

"எடுத்தா எல்லாரும் வருவாங்க மம்மி."

"ஒருத்தரும் வர வேணாம். வீடு இவளுக்குத்தான்." யாமினி பக்கம் திரும்பினேன். "மீன் பொரி, கருவாடு சுடு, உனக்கு என்ன வேணுமோ சமை. எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

அவள் முகம் மலர்ந்தது. கை கழுவிவிட்டு வந்தவள் என்னவோ சொல்ல வாயெடுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. சமைக்கலாம்னு அக்ரிமென்ட்ல எழுதித் தர முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. சோறு போட்ட கை இன்னும் காயவில்லை, அதற்குள் எழுத்தில் கேட்கிறாளே! "ஏம்மா, என் வார்த்தை போதாதா உனக்கு?" குரல் தானாக உயர்ந்துவிட்டது.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இப்ப இருக்கிற வீட்லயும் முதல் நாள் இப்படித்தான் உட்கார வச்சு சோறு போட்டாங்க. என்ன வேணாலும் சமைச்சுக்கோன்னாங்க. போன மாசம் மீன் பொரிச்சேன், காலி பண்ணுன்னுட்டாங்க. அவங்களும் தமிழ்தான் ஆன்ட்டி."

டானியலாவிடம் பேனாவுக்குக் கை நீட்டினேன்.