வாசலிலிருந்து ஏற்றம்

விடைத்தாள்களைத் திருத்தத் திருத்த வேதியியல் ஆசிரியை சுஜாதாவுக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. காலையில் சேலத்திலிருந்து பஸ்ஸில் இருபது வளைவு சுற்றி ஏற்காட்டுக்கு வந்த தலைச்சுற்றல் வேறு. கேள்வி என்னவோ எளிதுதான். ஒரு வினையின் ஆற்றல் வரைபடம். வினைபடுபொருள் முப்பது கிலோஜூலில் நிற்கிறது. கோடு எண்பது வரை மேடாக ஏறுகிறது. தாண்டியதும் விளைபொருள் பத்தில் போய் இறங்குகிறது. மேட்டைத் தாண்ட எவ்வளவு ஆற்றல் வேண்டும்? வகுப்பே எண்பது என்று எழுதியிருந்தது. முப்பதில் நிற்பதற்கு இன்னும் ஐம்பது கிடைத்தால் போதும் என்று மூன்று நாள் தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் வீண்.

ஒரே ஒரு தாளில் மட்டும் ஐம்பது என்றிருந்தது. வகுப்பில் வாயே திறக்காத மஞ்சுளாவின் தாள். பார்த்து எழுதியிருக்கவும் வழியில்லை. சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோருமே தப்பு. சுஜாதா அவளை அழைத்து, எப்படி எழுதினாய் என்று கேட்டாள்.

“எங்கூரு வாழவந்திங்க மிஸ், மலை மேலயே இருக்குதுங்க. உச்சியில இருக்கற சேர்வராயன் கோயிலுக்குப் போறதுன்னா எங்க ஊட்டு வாசல்ல இருந்து ஏறுனாப் போதுமுங்க. வாசலுக்குக் கீழ இருக்கற மலைய நாங்க எதுக்குங்க ஏறோணும்?”

சுஜாதா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். காலையிலிருந்த தலைச்சுற்றல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சரி கண்ணு, இதே வினை திரும்பி நடந்தா?”

“எழுவதுங்க,” என்றாள் மஞ்சுளா, யோசிக்காமல். “அந்தப் பக்கம் பத்துலருந்து ஏறோணுமில்லீங்க.” சற்றுத் தயங்கிவிட்டுப் பரிவோடு சொன்னாள்: “அது நொம்ப ஏத்தமுங்க. தெனமும் சேலத்துலருந்து நீங்க வர்ற மாதிரிங்க மிஸ்.”