இரண்டாவது எண்

ஷேனுக்குப் பகல் வேலை கிடைக்கக் கூடாது. அன்று காலையில் எனக்கிருந்த ஒரே எண்ணம் அதுதான். எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கண்டியில், கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் நெட்வொர்க் பார்க்கும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் இரவு ஷிப்ட். நான் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாவலப்பிட்டியிலிருந்து வந்தவன். ஷேன் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். பகலில் ஓர் இடம் காலியானது. யாரைப் போடுவது என்று மேலாளர் நபீல் நானா சொல்லவில்லை. ஆனால் ஷேன் பேச வந்தால் அவன் பக்கம் கதிரையைத் திருப்பி உட்காருவார். எனக்குத் திரையைப் பார்த்தபடியே பதில் வரும்.

ஒரு மருந்துக்கடைக்காரருக்குப் பிலிமத்தலாவையில் பெரிய கடை, அம்பிட்டியவில் கிளை. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள், அது அறுந்தால் ஒரு ரேடியோ இணைப்பு. ரேடியோவுக்கு மாற நாற்பது வினாடி பிடித்தது. அதற்குள் கௌண்டரில் பில் நின்றுவிடும். இரண்டு கடையிலும் உள்ள நெட்வொர்க் சுவிட்சுகள் பத்து வினாடிக்கு ஒரு தடவை ஒன்றுக்கொன்று ‘இருக்கிறேன்’ என்று சொல்லும்; அது ஹலோ டைமர். நாற்பது வினாடி சத்தமே இல்லாவிட்டால்தான் மற்றது செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்; அது டெட் டைமர். பத்தை ஒன்றாகவும் நாற்பதை நான்காகவும் குறைப்போம் என்று ஷேன் சொன்னான். அது எனக்கும் தோன்றியிருந்தது. அவன் முந்திக்கொண்டான்.

இரண்டு முனையிலும் இந்த எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவிட்சுகள் ஒன்றையொன்று ஏற்காது. அவன் பிலிமத்தலாவைக்குப் போனான். நான் ஷிப்ட் முடிந்த கையோடு, தூங்காமல், அம்பிட்டியவுக்குப் போனேன். ஸ்டோர் அறையில் சிரப் பெட்டிகளுக்கு மேலே சுவிட்ச். ஏணியில் ஏறி லெப்டொப்பைச் செருகினேன்.

"ஹலோ டைமர ஒன்னு போடு மச்சான், ரெண்டு லைன்லயும்" என்றான் போனில். வேறொன்றும் சொல்லவில்லை.

அவன் பக்கத்துச் சுவிட்ச் புதியது. முதல் எண்ணை மாற்றினால் இரண்டாவது தானாகவே அதன் நான்கு மடங்காகிவிடும். என் முன்னால் இருந்தது வேறு கம்பெனியின் பழைய சாமான். இதில் இரண்டாவதைத் தனியாக அடிக்க வேண்டும். அவன் மறந்துவிட்டான். எனக்கு ஞாபகம் இருந்தது. சொன்னதை மட்டும் அடித்தேன்.

இரண்டு இணைப்பும் விழுந்தன.

நபீல் நானா பதறிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார், ஒரு வரியில் சரிசெய்து காட்டலாம் என்று காத்திருந்தேன். கௌண்டரில் நிற்கும் ஷாமலாதான் முதலில் எட்டிப்பார்த்தாள். பில் வரவில்லை, இன்சுலினுக்கு ஓர் ஆள் நிற்கிறார் என்றாள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஏணியிலேயே நின்றேன்.

போன் அடித்தது. ஷேன். நபீல் நானாவையும் லைனில் சேர்த்திருந்தான்.

"நானா, இது என்னோட பிழை. அங்க பழைய சுவிட்ச். ரெண்டாவது நம்பரையும் அடிக்கணும்னு நான் சொல்லவே இல்ல. இவன் சொன்னத சரியாத்தான் செஞ்சிருக்கான். மச்சான், டெட் டைமர நாலு போட்டுரு."

போட்டேன். இரண்டும் எழும்பின. ஷாமலா பக்கமிருந்து பில் அடிக்கும் சத்தம் கேட்டது.

நபீல் நானா சிரித்தார். "பிழைய அவனே புடிச்சி அவனே செல்றான். நம்மட ஒபிஸ்ல இது புதுசு. ஷேன், திங்கக்கிழமேலேந்து பகலுக்கு வா." பிறகு எனக்கு: "தம்பி, நீங்களும் செல்லினத செஞ்சீங்க. நல்லம்."

பழியை என்மேல் போட்டிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் அவன் வழி விடவில்லை.

சோதித்துப் பார்க்கக் கேபிளைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். ரேடியோவுக்கு மாறியது ஷாமலாவுக்குத் தெரியவே இல்லை. அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. மழையில் ரேடியோ தடுமாறும். நான்கு வினாடி பொறுமை போதாமல் போகலாம். கேபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். தகரத்தில் மழை அடித்துக் கொட்டியது. விழு, விழு என்றிருந்தது எனக்கு. விழவில்லை.

"மழைக்கு எப்பிடி மச்சான், நிக்குதா?" என்றான் ஷேன்.

"நிக்குது" என்றேன்.

கேபிளைச் செருகினேன். அன்றைய இரவு ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. வீட்டுக்குப் போனாலும் தூக்கம் வராது என்று தெரியும்.