நாற்பதாவது ஆள்

எங்கள் மாநிலத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. என் பேரன்மார் இன்னும் அங்கேதான் ஓட்டுப் போடுகிறார்கள். கிழவன் செய்த காரியத்துக்கு அவர்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? வருடத்தை மட்டும் சொல்கிறேன். ஆயிரத்து எழுநூற்று எண்பத்தேழு. பதின்மூன்று மாநிலங்களையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவர ஒரு புதிய அரசியல் சட்டத்தைப் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார்களே, அந்த வருடம். மை காய்வதற்குள் "ஒப்புக்கொள்ளுங்கள்" என்று எல்லோரையும் விரட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் மலைநாட்டு மாவட்டத்தின் சார்பில் மாநில சபையில் இருந்தேன். ஊரை விட்டுக் கிளம்பும்போது ஜெபவீட்டு வாசலில் வைத்து என்னிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டார்கள். "ஆர்ச்சி, அந்தக் காகிதத்த நாங்க ஒரு தடவ படிக்கணும். படிக்கறதுக்கு முன்னாடி அங்க எதுவும் முடியக் கூடாது." சரி என்று கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு வந்தேன்.

நகரத்துக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க ஒரு மாநாடு, அதற்கு ஆள் எடுக்கப் பத்தே நாளில் ஒரு தேர்தல். இதுதான் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம். எங்கள் ஊருக்குக் குதிரையில் போகவே ஒன்பது நாள் ஆகும். காகிதம் போய்ச் சேர்ந்து, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தடுக்க ஒரு வழி இருந்தது. சபையில் அறுபது பேர். நாற்பது பேர் இல்லாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. அந்தச் சனிக்கிழமை சூரியன் மறைந்தால் சபையின் ஆயுளும் முடிகிறது. பிறகு புது சபை வந்துதான் பேச வேண்டும். ஆகவே நாங்கள் இருபத்தொரு பேர் சபைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தோம். மிச்சம் முப்பத்தொன்பது. இருபது பேர் வெள்ளிக்கிழமையே குதிரை ஏறிப் பறந்துவிட்டார்கள். எனக்கு முழங்கால் வாதம். சேணத்தில் காலைத் தூக்கிப்போட முடியவில்லை. நான் தங்கியிருந்த கெசாயா லண்ட் அம்மாளின் விடுதி மாடியிலேயே கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

லண்ட் அம்மாள் விதவை. எலும்பு எண்ணிப் பரிமாறுகிற கை என்று நாங்கள் கேலி செய்வோம். அன்று காலை சோளக்கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"கெர் ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு அந்தப் புதுச் சட்டம் வேணும். துறைமுகத்துல கப்பல் வந்தாத்தான் என் வீட்டுல ஆள் தங்கும்."

"அப்போ என்னக் காட்டிக் கொடுக்கப் போறீங்களா?"

"சேச்சே. என் கையால சாப்பிடுறவர நான் காட்டிக் கொடுப்பேனா? ஆனா யாராவது வந்து மாடிப்படி எங்க இருக்குன்னு கேட்டா, எனக்குப் பொய் சொல்ல வராது. அதையும் சொல்லிடறேன்."

பதினொரு மணிக்குக் கேட்டார்கள். அவளும் சொல்லிவிட்டாள்.

கதவு இரண்டே உதையில் திறந்துகொண்டது. முன்னால் நின்றவன் நாதன் க்ரோலி, துறைமுகத்தில் கப்பல் கயிறு திரிப்பவன். கதவளவு அகலமாக இருந்தான். பின்னால் படி முழுக்கத் தலைகள்.

"பெருசு, நடக்கிறியா, தூக்கணுமா?"

"தொடாதே! நான் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினவன்."

"நாங்களும் மக்கள்தானே? இப்போ நாங்க தேர்ந்தெடுத்திருக்கோம். வா போகலாம்."

படியெல்லாம் சிரிப்பு. எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. நான் மேசைக் காலைப் பிடித்தேன். மேசையும் என்னோடு இரண்டு படி இறங்கியது. தெருவில் என்னைப் பலகை தூக்குவதுபோல் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். மீன் விற்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வழியில் ஒரு காலணி கழன்று விழுந்தது. ஐம்பத்தாறு வயதில் அப்படி ஒரு அவமானம் எனக்கு நேர்ந்ததில்லை.

சபைக் கூடத்தில் என் இருக்கையில் என்னைப் பொத்தென்று இறக்கிவிட்டுப் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உறுப்பினர்கள் முப்பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். சிலருக்குச் சிரிப்பு, இரண்டு மூன்று பேர் மட்டும் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டார்கள்.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. எங்கள் சபையில் ஒருவன் வந்திருக்கிறான் என்பதற்கு அவன் உடம்பு சாட்சியாகாது. எழுத்தர் பெயர் கூப்பிடும்போது அவன் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எழுந்து, தொப்பியைக் கழற்றி, சபாநாயகரை விளித்துப் பேச வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால்தான் ஏட்டில் பெயர் ஏறும். இங்கிலாந்து ராஜாவை அடித்து விரட்டினோமே தவிர, அவருடைய நாடாளுமன்றத்தின் பழக்கங்களை ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்திருந்தோம். அன்று முதல்முறையாக அதற்காகச் சந்தோஷப்பட்டேன். தொப்பியை நன்றாக அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சூரியன் மறைய ஆறு மணி நேரம் இருந்தது.

எழுத்தர் பிம் பெயர் கூப்பிட்டார். "திரு ஆர்ச்சிபால்ட் கெர்."

நான் கூரையைப் பார்த்தேன்.

"திரு கெர்."

வாசலிலிருந்து க்ரோலி கத்தினான். "என்ன பெருசு, வாய்ல சோள உருண்டையா?"

மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, பிம் பெருமூச்சோடு பேனாவைக் கீழே வைத்தார்.

ஒருமுறை எழுந்து கதவுவரை நடந்து பார்த்தேன். ஒற்றைக் காலணியோடு நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வழிவிடுவார்களா என்று ஒரு நப்பாசை. ஒருவரும் அசையவில்லை. க்ரோலி மரியாதையாகக் குனிந்து என் இருக்கையைக் காட்டினான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஜன்னல்களை வெளியிலிருந்து சாத்திவிட்டார்கள். கூடத்தில் புழுக்கம்.

மூன்று மணி ஆனபோது வேறொரு சங்கடம் ஆரம்பித்தது. காலையில் குடித்த ஆப்பிள் மது வெளியே வர வழி கேட்டது. வெளியே போக வேண்டுமானால் சபாநாயகரிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் எழுந்து தொப்பியைக் கழற்றிப் பேச வேண்டும். பேசினால் தொலைந்தேன். நாட்டின் தலைவிதி என் மூத்திரப்பையில் வந்து நிற்கிறது என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயமாக இருந்தது. தொடைகளை இறுக்கிக்கொண்டேன். நான்கு மணி. நாலரை. நெற்றியில் வேர்வை வழிந்தது.

"பாவம்யா, போய்ட்டு வரட்டும்," என்றார் கிழ உறுப்பினர் ஒருவர்.

"கேக்கட்டுமே. கேட்டா யாரு வேணாம்னா?" என்றான் அம்புரோஸ் ஃபெல்.

ஃபெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்து வக்கீல். நாற்பது வயதிருக்கும். யாரையும் அதட்டமாட்டான்; சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுவான். ஐந்து மணிக்கு, ஜன்னல் இடுக்கில் வெயில் சிவக்க ஆரம்பித்தபோது, அவன் எழுந்தான். கையில் மடித்த காகிதம்.

"நாற்பது பேர் இல்ல. அதனால சபை நடக்கல. பொழுது போக ஒரு கடிதம் படிக்கிறேன், கேளுங்க. நம்ம கெர் ஐயாவோட மாவட்டத்துலேருந்து வந்தது."

படித்தான். "நாங்கள் மலைக்காட்டு ஜனங்கள். எங்களுக்குச் சட்டமும் தெரியாது, சாத்திரமும் தெரியாது. நகரத்துப் பெரியவர்கள் செய்தால் எல்லாம் சரியே. எங்கள் உறுப்பினர் கெர் எங்கள் பெயரைச் சொல்லி எங்களையே ஏமாற்றுகிறார்…"

அப்பட்டமான பொய். அது எனக்கு நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னும் அரைமணி நேரம்தான், ஆர்ச்சி, நாய் குரைக்கட்டும்.

"கையெழுத்து போட்டவங்க பேரையும் படிச்சிடறேன். தாமஸ் மக்கில்வீன். ஆண்ட்ரூ ஸ்பியர்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. மக்கில்வீன் சண்டையில் செத்துப் பத்து வருடம் ஆகிறது. ஸ்பியர் அதே குளிர்காலத்தில் முகாமில் காய்ச்சல் கண்டு போனான். போர்க்காலத்துப் படைப் பட்டியல் ஒன்றை எங்கோ பெட்டியிலிருந்து எடுத்து, எங்கள் ஊர்ப் பெயர்களை வரிசையாக வாசிக்கிறான் பாவி. அப்படியானால் அடுத்து வரப்போகிற பெயர் எது என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை எழுதின அன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ராபர்ட் கெர்."

என் மகன். பத்தொன்பது வயது. 'நகரத்துப் பெரியவர்கள் செய்தால் எல்லாம் சரியே' என்று அவன் கையெழுத்துப் போட்டானாம்.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. தொப்பி என் கையில் இருந்தது. பதினொரு வருடம் சபையில் உட்கார்ந்த பழக்கம். கோபம் தலைக்கேறினாலும் கை தானாகத் தொப்பிக்குத்தான் போகிறது, வாய் தானாகச் சபாநாயகரைத்தான் விளிக்கிறது.

"சபாநாயகர் அவர்களே! இந்த ஆள் பொய் சொல்றான்! என் பையன் செத்துட்டான், இந்த நாட்டுக்காகச் செத்தான்! அவன் பேரை இவன் வாயால சொல்லக் கூடாது!"

பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிம் எழுதிக்கொண்டிருந்தார்.

"திரு கெர் எழுந்து பேசினார்," என்றார் தலை நிமிராமல். "நாற்பது பேர்."

வாசலில் ஒரே கூச்சல். தொப்பிகள் பறந்தன. ஃபெல் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"நான் இங்க இல்ல!" என்று கத்தினேன். "என்னத் தூக்கிட்டு வந்தாங்க! நான் வரல! எழுதாதீங்க, பிம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பிம் சிரிக்கவில்லை. "ஐயா, இங்க இல்லாதவர் சொல்றத எழுத எனக்கு விதி இல்லீங்க," என்றார் மெதுவாக. "இருக்கறவர் சொன்னத மட்டும்தான் எழுதலாம்."

என் நாக்கைப் பிடுங்கி அங்கேயே எறிந்துவிடலாம்போல இருந்தது.

பத்து நிமிடத்தில் ஓட்டெடுப்பு முடிந்தது. ஆதரவு முப்பத்தொன்பது, எதிர்ப்பு ஒன்று. அதற்குப் பிறகுதான் என்னை வெளியே விட்டார்கள். முற்றத்துச் சுவர் ஓரமாக நின்றபோது சூரியன் இன்னும் மறையவில்லை. வலி போய்விட்டது. அழுகை நிற்கவில்லை.

மறுநாள் சேணத்தில் என்னைத் தூக்கி உட்காரவைக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அந்த வாத முழங்காலோடு பதினான்கு நாள் ஆயிற்று ஊர் போய்ச் சேர. சட்டத்தின் பிரதி என் பையில்தான் இருந்தது. தேர்தல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் சேதி தெரிந்து ஓட்டுப் போட்டவர்கள் ஒன்பதே பேர்.

ஊர் எல்லையில் என்னை அடிக்க வருவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு முன்னாலேயே செய்தித்தாள் வந்துவிட்டது. அதில் ஓட்டு விவரத்தை மட்டும்தான் போட்டிருந்தார்கள். ஆலை முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. ஆலைக்காரன் ஜான் பாலி ஒரு பீப்பாயின் மேல் ஏறி நின்றான்.

"மத்த இருபது பேரும் பயந்து ஓடிட்டானுங்க. நம்ம ஆர்ச்சி ஒருத்தன்தான் தனியாப் போய், முப்பத்தொன்பது பேர் நடுவுல நின்னு, 'முடியாது'ன்னு சொல்லிட்டு வந்திருக்கான்! இவன் ஆம்பள!"

கைதட்டினார்கள். என் கையில் விஸ்கியைத் திணித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சிரிக்கிற முகங்களைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்ஸ்பெத் செய்தித்தாளை என் முன்னால் விரித்தாள். என் மனைவிக்குக் கணக்கு வரும்.

"நாற்பது பேர் வேணும்னு சொல்லிட்டுத்தானே போன? இங்க முப்பத்தொன்பதும் ஒண்ணும் போட்டிருக்கு. அந்த ஒண்ணு நீ. நீ ஏன் அங்க போன, ஆர்ச்சி?"

சொன்னேன். ராபர்ட்டின் பெயர் வந்த இடத்தில் அவள் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தாள்.

"நானா இருந்தாலும் எழுந்துதான் இருப்பேன்," என்றாள். "அதுக்காக உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு ஆலைக்குப் போய் அவங்ககிட்ட உள்ளத சொல்லிடு."

"சொல்றேன்."

மறுநாள் போகவில்லை. அடுத்த வாரம் என்றேன். அறுவடை முடியட்டும் என்றேன். அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படியே. ஒன்பது வருடம் என்னையே அனுப்பினார்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் யாராவது ஒருவன் பீப்பாயில் ஏறி அந்தக் கதையை ஆரம்பிப்பான், கூட்டம் கைதட்டும், நான் எழுந்து தொப்பியைக் கழற்றுவேன். எல்ஸ்பெத் மட்டும் கைதட்டமாட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வருடமாவது நான் வாயைத் திறக்கிறேனா என்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.