ஒரே பாவில் இரண்டு சேலை

பினாங்கு ஜவுளிக்கடை வீராசாமி வியாபாரத்தில் படு கெட்டிக்காரர். துக்கத்தையும் வியாபாரம் மாதிரி நடத்திவிடலாம் என்று நினைத்ததுதான் அவர் செய்த அசட்டுத்தனம். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த ஒரே மகள் கடலில் குளிக்கப் போய்ப் பிணமாகக் கரைக்கு வந்தாள். காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த முகூர்த்தப் புடவையை உடுத்தித்தான் அவளைச் சிதையில் வைத்தார்கள். மறுநாளே வீராசாமி அவள் படங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். இனி அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். மனைவி சம்பூர்ணம் அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை.

அது நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் கப்பலேறிக் காஞ்சிபுரம் வந்தார். அவருக்குப் பட்டு அனுப்பும் சிட்டிபாபுவோடு வருஷக்கணக்காகக் கடிதப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. மகள் செத்ததையும் எழுதவில்லை. கல்யாணப் பட்டு இனி வேண்டாம், மற்றச் சரக்கு போதும் என்று நேரில் சொல்லிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

ஆனால் மகளுக்கு அவர் வைத்த பேர் ஏலவார்குழலி. அவருடைய பாட்டனார் வாலாஜாபாத் பக்கத்துக்காரர், அதனால் ஆசையாக வைத்த காஞ்சிபுரத்து அம்மன் பேர். அந்த ஊரிலேயே போய் இறங்கினால் என்ன ஆகும் என்று கெட்டிக்காரருக்குத் தோன்றவில்லை. "ஏலவார்குழலி அம்மனைப் பார்த்துக்கினு போலாமா சாமி?" என்றான் ரிக்‌ஷாக்காரன். பாத்திரக்கடைப் பலகையில் அந்தப் பேர். தெருக்குழாயடியில் ஒருத்தி, "அடியே ஏலவார்குழலி, ஈரத்தலையோட நிக்காதேன்னா கேக்கறியா?" என்று மகளை அதட்டினாள். திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வீராசாமி திரும்பிப் பார்த்தார். சிட்டிபாபு வீட்டு வாசலில் இறங்கினார்.

"வாங்கண்ணே, வாங்க!" என்று சிட்டிபாபு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி தேவகி உட்கார வைத்து மோர் கொடுத்த கையோடு கேட்டாள். "பொண்ணு எப்படி இருக்குதுண்ணே?"

வீராசாமி பதில் தேடுவதற்குள் சிட்டிபாபு முந்திக்கொண்டார். "உங்க பொண்ணு புடவையும் எங்க பொண்ணு காந்தா புடவையும் ஒரே பாவுல ஓடினதுண்ணே. உங்களுத அறுத்து எடுத்துட்டு, மிச்சப் பாவுலயே இவளுத நெய்தோம். அப்படிக் கட்டினவங்களை எங்க வீட்ல அக்கா தங்கச்சின்னுதான் சொல்றது."

பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டுகிற இழை. வீராசாமி அதை ஆயிரம் முறை விலை பேசியவர். அறுத்த பிறகும் அது இரண்டு வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

தேவகி குரலைத் தணித்தாள். "காந்தா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கறா. தூங்கினா கனவுல ஒரு பொண்ணு வருதாம்ணே. அதே அரக்குப் புடவை. முடியெல்லாம் தண்ணி சொட்டுதாம். ஒண்ணும் பேசாம வாசப்படியில நின்னுக்கினே இருக்குதாம். உங்க பொண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சு, அதே தனக்கும் ஆயிடும்னு இவ பயந்துக்கினு சோறே எறங்கல. நல்லா இருக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கரைக்கு வந்தபோது அவள் முடி சொட்டியதை இந்த வீட்டுக்கு யார் சொன்னார்கள்? வீராசாமி நிமிர்ந்தால், உள் கதவருகே நிறைமாத வயிற்றோடு காந்தா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

"நல்லா இருக்காம்மா. ஈப்போவுல புருஷன் வீட்ல இருக்கா. அவளும் மாசமாத்தான் இருக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல்லச் சொல்ல அவருக்கே இனித்தது. "மாங்காய் மாங்காய்னு அவங்க அம்மாவைப் படுத்தி வைக்கறா."

தேவகி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனாள். சிட்டிபாபு புதுச் சேலைகளை எடுக்க மாடிக்குப் போனார். காந்தா மட்டும் போகவில்லை.

"பெரியப்பா, அக்கா பேர் என்ன?"

வீராசாமி எழுந்து போய்விடலாமா என்றுகூடப் பார்த்தார். அந்தப் பெண் அசையாமல் நின்றாள்.

"குழலி," என்றார். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "ஏலவார்குழலி."

காந்தா நீளமாக மூச்சு விட்டாள். "அந்தப் பேர்தான் சொன்னா. கனவு நெசந்தானான்னு பார்த்தேன். நேத்துதான் வாயைத் தெறந்தா பெரியப்பா. எங்கப்பா வராரு, நான் நல்லா இருக்கேன்னு பொய் சொல்வாரு, அவரைக் கோவிச்சுக்காதேன்னா. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னா. எங்க வீட்ல யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கறாங்க, அதான் இங்க வந்து நின்னுக்கினு இருந்தேன்னு சொன்னா."

வீராசாமி வாய்விட்டு அழுதார். சாவன்று அழாத மனிதர், யார் வீட்டுக் கூடம் என்ற நினைப்பே இல்லாமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"இன்னிக்கு வந்தா சொல்லும்மா," என்று காந்தாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "படத்தையெல்லாம் எடுத்து மாட்டிடறேன். நானே பேர் சொல்லிக் கூப்பிடறேன். அம்மாகிட்ட ஒரு தடவையாவது வந்து நிக்கச் சொல்லும்மா."

காந்தாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. இனி வரமாட்டாள் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லல பெரியப்பா. போறேன்னு சொல்லிட்டுத்தான் போனா."