என் வயிற்றிலிருந்து அக்காவுக்கு

1

இந்தக் கதை பிறந்த இடம் கழிவறை. முகம் சுளிக்காதீர்கள், எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தில் கொடுத்த மூடிபோட்ட டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, வரவேண்டியது வராமல் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல் வரி வந்தது:

"அக்காவின் குடலுக்குள் கோடானுகோடி உயிர்கள் சபை கூட்டி—"

(அடித்துவிட்டேன். சபையாவது மண்ணாவது.)

2

சரி, நேராகவே சொல்கிறேன். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுக்குத் தோலில் வந்த புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது. உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் மருந்து கொடுத்தார்கள். அந்தச் சக்தி புரண்டுகூடப் படுக்கவில்லை. "குடல்ல நல்ல நுண்ணுயிர்கள் குறைவா இருக்கறதும் காரணமா இருக்கலாம். ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்திலேர்ந்து அதைப் பிரிச்சு மாத்திரையா குடுத்துப் பாப்போம். ஆராய்ச்சிதான், உத்தரவாதம் கிடையாது" என்றார் டாக்டர்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நாம் தின்றதன் மிச்சத்தைத் தின்று இந்த நுண்ணுயிர்கள் கழிக்கும் பொருட்கள், ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகின்றன. சில, எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடுகின்றன. சில, புற்று பரவப் பாதை போட்டுக் கொடுக்கின்றன. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று இன்னும் முழுசாகத் தெரியாது. கதை எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல பாத்திரங்கள் கிடைக்குமா?]

3

முதலில் தேர்வானது நானல்ல, அக்காவின் கணவர். அத்தான், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்புறம் தொண்டை கரகரத்தது. அக்காவுக்கு ஒட்டிவிடுமே என்று பயந்து, அலமாரியில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்கிவிட்டார். அது குடலில் இருந்த நல்லதுகளையும் வாரிக்கொண்டு போயிருக்கும் என்று ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இங்கே அக்கா கத்துவதாக எழுதியிருந்தேன். [அந்த அக்காவை நானே நம்பவில்லை.] நடந்தது வேறு. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுத அத்தான் பக்கத்தில் அவளும் போய் உட்கார்ந்தாள்.

"எனக்காகத்தானே போட்டீங்க. விடுங்க."

"நல்லது பண்றேன்னு நெனச்சு…"

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிக்காத ஆளே கிடையாது. எழுந்திரிங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ குடுப்பியாடி?"

"இதெல்லாம் கேக்கணுமாக்கா?"

"உன் வயித்தெரிச்சலும் சேர்ந்து வந்துடப் போகுது."

சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது. அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. [இந்த வரியை அழகாக்கப் பார்த்தேன். வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

4

நான் கொடுத்ததிலிருந்து செய்த மாத்திரைகளை அக்கா விழுங்கினாள். மருந்தும் மறுபடி ஏறியது. இன்று ஸ்கேன் முடிவு. டாக்டர் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கைவசம் மூன்று முடிவுகள். ஒன்று: கட்டிகள் சுருங்கியிருக்கின்றன. இரண்டு: அப்படியே இருக்கின்றன, பொறுத்துப் பார்க்க வேண்டும். மூன்று—

அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். "மூணாவதை எழுதாத."

"கதைன்னா எல்லாந்தானேக்கா இருக்கணும்."

"கதைக்கு இருக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

நர்ஸ் கூப்பிடுகிறார். எழுந்த அத்தான் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அக்கா என் கையைப் பிடிக்கிறாள், பேனா இருக்கும் கையை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கை இப்போது அவளுக்கு வேண்டும்.